துக்கம் விசாரிக்க யாரும் வராத சாவு

போன வருஷம் ஆடி மாசம், ஒரு செவ்வாக்கிழமை காலைல எங்க சூப்பர்வைசருக்கு போன் பண்ணி 'சார் காய்ச்சல், இன்னிக்கு வர முடியாது'ன்னு சொன்னேன். காய்ச்சல்லாம் இல்ல. எங்க வீட்டு நாய் வெள்ளையன் அன்னிக்கு விடியக்காலம் செத்துப்போயிருந்தான். அதை சொல்லி லீவு கேக்க வாய் வரல. சொல்லியிருந்தா அவரு திட்டியிருக்க மாட்டாரு, நல்ல மனுஷன்தான், ஆனா ஒரு செகண்ட் பேசாம இருந்துட்டு 'நாயா?'ன்னு கேட்டிருப்பாரு, அந்த ஒரு வார்த்தைய அன்னிக்கு என்னால தாங்கியிருக்க முடியாது.

இந்தக் கட்டுரை அந்த 'நாயா?'வை பத்திதான். வீட்ல வளத்த நாயோ பூனையோ திடீர்னு போயிட்டா ஏன் இவ்ளோ வலிக்குது, ஏன் அதை வெளிய சொல்ல வெக்கமா இருக்கு, அதுக்கு என்னதான் பண்றதுன்னு அப்புறமா தேடித்தேடி படிச்சதை எனக்கு புரிஞ்ச அளவுல எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, செகண்ட் ஷிப்ட்டு போற ஆளு.

முதல்ல ஒரு விஷயம் யோசிங்க. ஒரு மனுஷன் செத்தா நம்ம ஊர்ல என்னென்ன நடக்குது? வாசல்ல பந்தல், வாடகை சேரு, தெருமுனைல கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சாவு வீட்ல அடுப்பு பத்தவைக்க மாட்டாங்கன்னு பக்கத்து வீட்லேர்ந்து காபி, சம்பந்தி வீட்லேர்ந்து சாப்பாடு, வர்றவங்க ஒவ்வொருத்தரும் 'எப்படி ஆச்சு'ன்னு கேப்பாங்க, நாமளும் அதே கதைய நாப்பது தடவை சொல்லுவோம், கேக்குறப்ப எரிச்சலாக்கூட வரும், ஆனா சொல்லச் சொல்லத்தான் ஆளு போயிட்டாருன்றது நம்ம மண்டைக்குள்ளயே இறங்கும். அப்புறம் பால் தெளி, 16ம் நாள் காரியம். அந்த பதினாறு நாளும் 'நீ அழலாம், வேலைக்கு போகாட்டி பரவால்ல'ன்னு ஊரே பர்மிஷன் குடுத்து வெச்சிருக்கு. முடிஞ்ச பிறகு 'சரி, எழுந்திரு'ன்னு சொல்றதும் அதே ஊருதான். இந்த சடங்கெல்லாம் செத்தவங்களுக்குன்னு நாம நெனைக்கிறோம், பாதிக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான்.

வெள்ளையனுக்கு காலைல ஒம்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிஞ்சிடுச்சு. குழி தோண்டி, போட்டு மூடி, கை கழுவி, குளிச்சாச்சு. பத்தரைக்கு கேஸ் சிலிண்டர் வந்துச்சு. கையெழுத்து போட்டு வாங்கினேன். எந்தப் பந்தலும் இல்ல, யாரும் வந்து எப்படி ஆச்சுன்னு கேக்கல.

இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. கென்னத் டோகான்னு அமெரிக்கால ஒரு பேராசிரியர், 1989ல இதைப் பத்தி ஒரு புத்தகமே கொண்டுவந்தாரு. தமிழ்ல சொல்லணும்னா 'அங்கீகாரம் இல்லாத துக்கம்'. அதாவது உள்ள இருக்கறது நெஜமான துக்கம், ஆனா அதை துக்கம்னு ஊரு ஒத்துக்கல. இது எந்தெந்த வகைல வரும்னு அவரு பிரிச்சு சொல்றாரு. உறவையே ஊரு ஒத்துக்காதது ஒண்ணு, ரகசியமா காதலிச்சவங்க செத்தா அழ முடியாது பாருங்க, அது மாதிரி. இழப்பை இழப்பாவே எண்ணாதது இன்னொண்ணு, கரு கலையறது மாதிரி. வீட்டுப் பிராணியோட சாவும் இதுல வரும். அப்புறம் துக்கப்படுற ஆளையே கணக்குல எடுக்காதது, சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்னு விட்டுடறோம்ல. இதுல கொடுமை என்னன்னா ஊரு ஒத்துக்காததை கொஞ்ச நாள்ல நாமளே ஒத்துக்க மாட்டோம். 'ச்சே, ஒரு நாய்க்கு போயி இப்படி உக்காந்திருக்கோமே'ன்னு நம்மளையே நாம திட்டிப்போம். வலி ஒண்ணு, அந்த வலிக்காக படுற வெக்கம் இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே ஆளு தூக்கணும்.

நம்ம பாஷையிலயே இந்த சிக்கல் இருக்கு. உயர்திணை அஃறிணைன்னு ஸ்கூல்ல படிச்சோம். வீட்டுக்குள்ள 'அவன் எங்க படுத்திருக்கான்'னு பேசுவோம், வெளியாள்கிட்ட பேசுறப்ப நாக்கு தானா 'அது'க்கு மாறிடும். அவன் செத்த அன்னிக்கும் அப்படித்தான், எதிர் வீட்டு அக்காகிட்ட 'செத்துப்போச்சுக்கா'ன்னு நானே சொன்னேன், சொல்லிட்டு உள்ள வந்து அப்படி ஒரு அழுகை. ஆனா பாருங்க, நன்னூல்ல இதுக்கு வழி வெச்சிருக்காங்க. 'உவப்பினும் உயர்வினும்'னு ஆரம்பிக்கிற சூத்திரம், சந்தோஷத்துல, பாசத்துல திணை மாத்தி சொன்னா தப்பில்லன்னு. அதுக்கு இலக்கணப் புத்தகத்துல கொடுக்குற உதாரணமே ஒரு மாடுதான், பசுவைப் பாத்து 'என் அம்மை வந்தாள்'னு சொல்றது. எட்டு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இலக்கணம் எழுதுன ஆளு மன்னிச்சு விட்டுட்டாரு, நாமதான் சூப்பர்வைசருக்கு பயப்படுறோம்.

இன்னொரு விஷயம், இதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம், இப்ப வந்த ஃபேஷன்னு சிலர் சொல்வாங்க. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தைய காப்பாத்துறப்ப செத்த ஒரு வீரனுக்கு வெச்ச கல்லு. வீரன் உருவம் பக்கத்துலயே ஒரு நாயும் நிக்கும். அந்த நாய் கள்ளனைக் கடிச்சு காவல் காத்ததைப் பத்தி அந்தக் கல்லுலயே தனியா எழுதியிருக்கு, அதுவும் நாயோட பேரோட, கோவிவன்னு படிக்கிறாங்க. ராஜாவுங்க பேரே எத்தனையோ காணாமப் போயிடுச்சு, ஒரு மாட்டுக்கார வீட்டு நாயோட பேரு ஆயிரத்து நானூறு வருஷமா கல்லுல நிக்குது. நாய்க்கு எதுக்குய்யா இதெல்லாம்னு அன்னிக்கும் எவனாவது கேட்டிருப்பான், ஆனாலும் உளி பிடிச்சவன் செதுக்கிட்டான். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு பாதி பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு, ஏன்னு சொல்லத் தெரியல.

சரி, உடம்புக்கு வருவோம். எங்க சித்தப்பா செத்தப்ப நான் இவ்ளோ அழல. அது எனக்கு பெரிய உறுத்தலா இருந்துச்சு, என்னடா மனுஷன் நாம, சொந்த ரத்தத்துக்கு வராத அழுகை நாய்க்கு வருதேன்னு. அப்புறம் உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன். சித்தப்பாவை வருஷத்துக்கு நாலு தடவை பாப்பேன், பொங்கல், தீபாவளி, ரெண்டு கல்யாணம். வெள்ளையனை ஒரு நாளைக்கு இருவது தடவை தொடுவேன். ஏழு வருஷம். பாசம் கூடக்குறைச்சல்னு இல்ல, ஒரு நாளோட எத்தனை நிமிஷத்துல அவங்க கலந்திருந்தாங்கன்றதுதான் கணக்கு. ஆளு போன பிறகு அந்த ஒவ்வொரு நிமிஷமும் தனித்தனியா வந்து நம்மளை முட்டும். பால் பாக்கெட் கட் பண்ற சத்தம், செருப்பு மாட்டுற சத்தம், கறி வேகுற வாசனை, இதுக்கெல்லாம் அவன் எழுந்து வருவான்னு மூளை இன்னும் எதிர்பாத்துட்டு இருக்கும். தரைல நகம் படுற டக்டக் சத்தம் எனக்கு மூணு வாரம் கேட்டுச்சு. பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு பயந்தேன், இல்லயாம், இது நெறைய பேருக்கு நடக்குறதுதான், பழகுன சத்தத்தை மூளையே இட்டு நிரப்பிக்குது.

ஜப்பான்ல அசாபு பல்கலைக்கழகத்து ஆளுங்க 2015ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாயும் அதை வளக்குறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணோட கண்ணு பாத்துட்டு இருந்தா ரெண்டு பேர் உடம்புலயும் ஆக்ஸிடோசின் கூடுதுன்னு. அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் நடுவுல ஓடுற அதே ஹார்மோன். மனுஷங்க கையால வளத்த ஓநாய்ங்ககிட்ட இது வரலயாம், நாய்கிட்டதான். அதனால 'குழந்தை மாதிரி வளத்தேன்'னு யாராவது சொன்னா அது சும்மா பேச்சுக்கு இல்ல.

உடம்பு சம்பந்தமா இன்னொண்ணும் இருக்கு. 2017ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்னு ஒரு பெரிய மருத்துவ இதழ்ல ஒரு அம்மாவைப் பத்தி எழுதியிருந்தாங்க. அமெரிக்கால டெக்சாஸ் பக்கம். நெஞ்சு வலின்னு ஹார்ட் அட்டாக் மாதிரியே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க, பாத்தா ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல, அவங்க வளத்த நாய் கொஞ்சம் முன்னாடி செத்திருக்கு. டாகோட்சுபோன்னு பேரு அந்த நோய்க்கு. ஜப்பான்ல ஆக்டோபஸ் புடிக்கிற பானைக்கு அந்தப் பேரு, இதயம் உப்பி அந்தப் பானை வடிவத்துக்கு வந்துடுமாம். அந்த அம்மாவுக்கு வேற கஷ்டங்களும் அப்ப இருந்துச்சு, எல்லாருக்கும் இப்படி ஆகாது, பயப்படாதீங்க. ஆனா நெஞ்சை அடைக்குதுன்னா மனசுதான்னு நீங்களே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட போங்க.

இப்ப 'திடீர்னு'ன்ற வார்த்தைக்கு வர்றேன், ஏன்னா எனக்கு அதுதான் பெரிய முள்ளு.

அன்னிக்கு ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். வழக்கமா தெருமுனையிலயே ஸ்கூட்டர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டுதான் வருவேன், இல்லாட்டி வண்டி சத்தம் கேட்டதும் அவன் குலைச்சு அம்மாவை எழுப்பிடுவான். அப்படியும் கண்டுபுடிச்சு கேட்டுகிட்ட வந்து நிப்பான், வாலு கேட்டு கம்பில பட்டு டங்டங்னு அடிக்கும். அன்னிக்கு வரல. துவைக்கிற கல்லுகிட்ட நின்னுட்டு இருந்தான், உக்காரல, படுக்கல, போறதும் வர்றதுமா இருந்தான். ரெண்டு தடவை வாந்தி எடுக்கப் பாத்தான், எதுவும் வரல, வெறும் நுரை. வயிறு கொஞ்சம் உப்புசமா தெரிஞ்சுது. அஜீரணம்னு நெனச்சு ஓமத்தண்ணி கொஞ்சம் வாயில ஊத்தினேன். ஒரு மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்துட்டு தூங்கப் போயிட்டேன். நாலரை மணிக்கு அம்மா கூப்பிட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

மறுநாள் டாக்டர்கிட்ட போன்ல சொன்னப்ப முழுசா கேட்டுட்டு, வயிறு முறுக்கிட்டிருக்கும்னாரு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமா இருக்குற ஜாதிங்களுக்கு இது வரும், எங்களது ராஜபாளையம் கிராஸ். இரைப்பை காத்தால உப்பி அப்படியே சுத்திக்கும், ரெண்டு வாயும் அடைபட்டுடும், காத்தும் வெளிய போகாது, வாந்தியும் வராது, ரத்த ஓட்டம் நின்னு சில மணி நேரத்துல முடிஞ்சிடும். ஆபரேஷன் தவிர வழியில்ல. படிக்கிறவங்க இது ஒண்ணையாவது ஞாபகம் வெச்சுக்கோங்க, வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பாத்து எதுவும் வராம, நிலைகொள்ளாம அலைஞ்சா, விடியட்டும்னு இருக்காதீங்க, கைவைத்தியம் பண்ணாதீங்க, அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடுங்க.

இதை தெரிஞ்சுகிட்ட பிறகுதான் நரகமே. ஓமத்தண்ணி, ஓமத்தண்ணின்னு அதையே நெனச்சுட்டு இருந்தேன். அதோட நிக்கல, அம்மாவைப் பாத்து 'நீ ஏன் அன்னிக்கு அவ்ளோ சோறு வெச்ச'ன்னு கேட்டுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல, அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடல. குத்த உணர்ச்சி இப்படித்தான், உள்ளயே வெச்சுக்க முடியாம பக்கத்துல இருக்கறவங்க மேல கொட்டிடும், ஒரே சாவுக்கு அழவேண்டிய ரெண்டு பேரு ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்காம உக்காந்திருப்போம். திடீர் சாவுல இது ரொம்ப அதிகம். ஆறு மாசம் நோயில கெடந்து போனா மனசு கொஞ்சம் கொஞ்சமா தயாராகும், இதுல அந்த டைமே கிடையாது, அதனால மூளை பின்னாடி போயி எங்க தடுத்திருக்கலாம்னு தோண்டிக்கிட்டே இருக்கும். முடிவு தெரிஞ்ச பிறகு பழசைப் பாத்தா எல்லாமே முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருக்கும். அது மூளை பண்ற ஏமாத்து வேலை, உளவியல்ல 1970கள்லேர்ந்து இதை ஆராய்ஞ்சிருக்காங்க.

எனக்கு உதவினது ஒரு நோட்டுப் பேப்பர். நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு எனக்கு என்ன தெரியும், அந்தப் பக்கம் மறுநாள் மத்தியானம் என்ன தெரியும். இந்தப் பக்கம் எழுதினது 'சாப்பிட்டது ஜாஸ்தி, வயிறு சரியில்ல, போன மாசமும் இப்படி இருந்து காலைல சரியாச்சு'. வயிறு முறுக்குறதுன்னு ஒரு நோய் இருக்கறதே அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கத்து அறிவை வெச்சு தண்டிச்சிட்டு இருக்கேன்னு எழுதிப் பாத்தப்பதான் ஒறைச்சுது. குத்த உணர்ச்சி முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் தள்ளி உக்காந்துச்சு. அப்புறம் இந்த பிராணிங்களும் வலிய காட்டாது, காட்டுல வலிய காட்டுனா எதிரி அடிச்சிடுவான்னு அதுங்க பரம்பரையா வந்த பழக்கம், பூனைங்க இதுல இன்னும் மோசம், கடைசி நாள் வரைக்கும் சும்மா படுத்திருக்கற மாதிரியே இருக்கும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் இருக்கு, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு ஒரு லிஸ்ட் எங்க பாத்தாலும் சுத்திட்டு இருக்கும். அதை எலிசபெத் குப்லர் ராஸ் 1969ல எழுதினது, தாங்கள் சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிங்ககிட்ட பேசிப் பாத்து எழுதினது. அதை படிக்கட்டு மாதிரி ஏறணும்னு நெனச்சு, 'எனக்கு கோபமே வரலயே, தப்பா துக்கப்படுறேனோ'ன்னு கவலைப்படாதீங்க. எனக்கு சரியாப் பட்டது நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஸ்ட்ரோபேவும் ஷூட்டும் 1999ல சொன்னது. துக்கம் ஊஞ்சல் மாதிரியாம், கொஞ்ச நேரம் இழப்பு பக்கம் போகும், கொஞ்ச நேரம் பொழப்பு பக்கம் போகும், ரெண்டுக்கும் நடுவுல ஆடிட்டு இருக்கறதுதான் ஆரோக்கியமே. காலைல அழுதுட்டு மத்தியானம் மீம் பாத்து சிரிச்சா துரோகம் இல்ல.

இனி செய்ய வேண்டியது. புதைக்கிறதா இருந்தா மூணு நாலு அடியாவது ஆழம் வேணும், கிணறு போர் பக்கம் வேண்டாம், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ போதும், மேல கல்லு வைக்கணும், இல்லாட்டி தெருநாய் வந்து தோண்டிடும், அந்தக் காட்சிய மட்டும் வாழ்க்கைல பாத்துடாதீங்க. அபார்ட்மெண்ட்ல இருந்தா உங்க நகராட்சி இல்ல கால்நடை ஆஸ்பத்திரில கேளுங்க. சாகறதுக்கு முன்னாடி அது நடத்தைல ஏதாவது மாறியிருந்தா, எச்சில் ஒழுகியிருந்தா, யாரையாவது கடிச்சிருந்தா வெறும் கையால தொடாதீங்க. கடிபட்ட இடத்தை 15 நிமிஷம் சோப்பு போட்டு கழுவிட்டு அன்னிக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போயி ரேபிஸ் ஊசி போட்டுக்கோங்க, அழுகையெல்லாம் அப்புறம்.

சடங்கு ஏதாவது ஒண்ணு பண்ணுங்க, சின்னதா இருந்தாலும். ஒரு விளக்கு, ஒரு செடி, அதுக்குப் புடிச்ச பிஸ்கட் ரெண்டு. ஊரு செய்யாததை நாமளே செஞ்சுக்கறதுதான், வேற ஒண்ணுமில்ல. எங்க அம்மா யாருக்கும் சொல்லாம 16ம் நாள் தெருவுல இருக்கற நாய்ங்களுக்கு கறிசோறு போட்டாங்க. கணக்கு வெச்சிருந்தாங்கன்னு அன்னிக்குதான் எனக்கு தெரியும். நானும் கூடப் போயி பாத்திரத்தை புடிச்சுகிட்டேன், அப்புறம்தான் நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பேசினது.

குழந்தைங்ககிட்ட பொய் சொல்லாதீங்க. எங்க அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு, வெள்ளையன் எங்கன்னு கேட்டதுக்கு அக்கா 'தூங்குறான்டி'ன்னு சொல்லிட்டா. அது நாங்க மண்ணு தள்ளுறதை மாடிலேர்ந்து பாத்திருக்கு. அன்னிக்கு ராத்திரி படுக்கவே மாட்டேன்னு ஒரே அடம். கடைசில கேட்டுச்சு, 'நான் தூங்கினாலும் மண்ணுல போடுவீங்களா?' அந்த வயசுல சாவுன்னா திரும்பி வராததுன்னு முழுசா புரியாது, நாம சொல்ற வார்த்தைய அப்படியே புடிச்சுக்கும். 'செத்துப்போயிட்டான், உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே வலிக்காது, திரும்பி வரமாட்டான்'னு நேரா சொல்லிடறதுதான் நல்லது. ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொன்னாலும் வம்புதான், எப்ப வருவான்னு தினம் கேக்கும்.

வீட்ல இன்னொரு நாய் பூனை இருந்தா அதுவும் தேடும், சாப்பாடு குறையும், போனது படுத்த இடத்துல போயி படுத்துக்கும், அதோட நேரத்துக்கு சோறும் வாக்கிங்கும் மாறாம பாத்துக்கங்க. புதுசா ஒண்ணு எப்ப வாங்கலாம்னா, அதை முடிவு பண்ண வேண்டியது நீங்க, பக்கத்து வீட்டுக்காரர் இல்ல. ஒரே ஒரு விஷயம், போனது பார்வோன்னு நாய்க்குட்டிங்களுக்கு வர்ற தொத்துநோய்ல போன குட்டின்னா அந்தக் கிருமி மாசக்கணக்குல தரையில, மண்ணுல உயிரோட இருக்கும், ஊசி முழுசா போடாத குட்டிய உடனே கொண்டுவராதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு பிளீச் போட்டு கழுவிட்டு ஊசி கோர்ஸ் முடிஞ்சதை கொண்டுவாங்க.

வேற யாரு வீட்லயாவது இப்படி ஆச்சுன்னா 'வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடு'ன்னு சொல்லாதீங்க. என்ன சொல்றதுன்னு தெரியாட்டி நம்ம பழைய கேள்வியே போதும். வெள்ளையன் போயி நாலு நாள் கழிச்சு பால்காரர் சைக்கிளை நிறுத்தி 'என்னங்க, நம்ம பய சத்தத்தையே காணோம்'னாரு. சொன்னேன். கேனை கீழ வெச்சாரு. 'எப்படிங்க ஆச்சு'ன்னாரு. துவைக்கிற கல்லு, நுரை, ஓமத்தண்ணி, நாலரை மணி, எல்லாத்தையும் அந்த வாசல்ல நின்னு சொல்லி முடிச்சேன். அவரு வேற ஒண்ணும் சொல்லல, 'நல்ல பய, என்னைய ஒரு நாளும் கடிக்க வந்ததில்ல'ன்னு சொல்லிட்டு கேனை எடுத்துட்டு போயிட்டாரு. எங்க வீட்டுக்கு துக்கம் விசாரிக்க வந்தது அவரு ஒருத்தர்தான்.

தூக்கம், சாப்பாடு, வேலை எதுவுமே மாசக்கணக்குல ஓடல, நாம இருந்து என்ன பிரயோஜனம்னு தோண ஆரம்பிச்சுதுன்னா அங்க வெயிட் பண்ணாதீங்க, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 2022லேர்ந்து இருக்கு, தமிழ்லயே பேசலாம். நாய் செத்துப்போச்சுன்னு சொல்ல கூச்சப்படாதீங்க, தனியா இருக்கற வயசானவங்களுக்கு வீட்ல பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே உயிரு அதுவா இருந்திருக்கும், அவங்களுக்காக நீங்களாவது போன் போட்டுக் குடுங்க.

வருஷம் ஆகப்போகுது. இப்பவும் செகண்ட் ஷிப்ட்தான். நேத்தும் தெருமுனைல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுதான் வந்தேன், கேட்டை சத்தமில்லாம தெறந்து வண்டிய உள்ள உருட்டினேன். அம்மா முழிச்சுட்டுதான் இருந்தாங்க. ஏன்டா இன்னும் உருட்டிட்டு வர்றன்னு அவங்க ஒரு நாளும் கேட்டதில்ல.